இடது குதிகால்

முள்ளோடை எல்லையைத் தாண்டி
பாட்டில் ஒன்று புதுச்சேரிக்குள் வந்தது.
வழக்கமாக எதிர்த்திசையில்தான் போகும் பாட்டில்கள்.
இதை யாரும் நிறுத்தவில்லை.

ஃபார்மலினில் மிதந்தது
அஞ்சலாட்சியின் காலிலிருந்து வெட்டியெடுத்த
புளியங்கொட்டை அளவுத் தோல்.
கடலூரிலிருந்து பேருந்தில்
மடியிலேயே வைத்து வந்தானாம் மகன் தணிகாசலம்.
மூடியின் மேல் ஒரு கை எப்போதும்.

மெழுகில் புதைத்து, முடியைவிட மெலிதாய்ச் சீவி,
சாயம் ஏற்றிக் கண்ணுக்குக் கீழே வைத்தேன்.
ஊதா, ரோஜா. அப்புறம் அந்தப் பழுப்பு.
முதலில் ரேஷன் கடை வரிசைபோல்
தோலின் அடிவரம்பில் ஒன்றன்பின் ஒன்றாக.
கொஞ்ச தூரத்தில் வரிசை குலைந்து
மேலே ஏறுகிறவை,
கீழே இறங்குகிறவை.

வகை என்று படிவம் கேட்கிறது.
நான்கு கட்டங்கள்.
மேலோட்டமாய்ப் படர்வது.
முடிச்சாய்த் திரள்வது.
வெயிலில் முதிர்ந்த முகத்தில் கறையாய் விரிவது.
கடைசியாக, இடம் போதாமல் சின்ன எழுத்தில்,
கைகால் முனைகளில் வருவது.

நான் படித்த புத்தகத்தில் படமெல்லாம் வெள்ளைத் தோல்.
முதுகு, தோள்பட்டை, கெண்டைக்கால்.
காரணங்களில் முதல் சொல், வெயில்.
தேவனாம்பட்டினத்தில் வெயிலுக்கு என்ன குறை!
ஆனால் அவள் உடம்பில்
வெயிலே பார்க்காத இடம் ஒன்று உண்டென்றால்
அது இந்த உள்ளங்கால்தான்.

எங்கள் பதிவேட்டில் இப்படிப் பதினொரு கால்கள்.
பதினொன்றை வைத்துக்கொண்டு எதுவும் பேச முடியாது.
அதனால் அன்றிரவு
கொரிய நோயாளிகளைத் தரம்பிரித்த கட்டுரை ஒன்றைப் படித்தேன்.
அங்கே கடைசிக் கட்டம்தான் முதல் கட்டம்.
உள்ளங்கால், குதிகால், நகத்தடி என்று
பக்கம் பக்கமாக.
அட்டவணையில் ஒரு வரி:
பெண், 61, குதிகால், இடது.

தொழில் என்று ஒரு பத்தி அதில் இல்லை.
நானே போட்டுக்கொண்டேன்:
மீன் அங்காடி, ஈரத்தரை, விடியற்காலைக் குளிர்,
ரப்பர் பூட்ஸ்.
இது அறிவியல் இல்லை.
அழித்துவிட்டேன்.

எடை விழும் இடத்தில்தான் அதிகம் வருகிறதோ என்று
சிலருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.
தலையில் முப்பது கிலோ கூடை.
அது கழுத்து வழியாக, முதுகு வழியாக
எங்கே போய் இறங்கும்?
எனக்குத் தெரியாது. சந்தேகம் என்றுதானே சொன்னேன்.

"கெளுத்தி முள்ளுன்னு நெனச்சேன் டாக்டர்.
பிளேடால கீறிப் பார்த்தேன், ஒண்ணும் வரல.
ரெண்டு வருசம் இருக்கும்.
செருப்புப் போட்டா ஏலத்துல வழுக்குது."

ஆழம் அளக்க வேண்டும்.
மேல்விளிம்பிலிருந்து, இறங்கியதில் கடைசி அணு வரை.
2.8 மில்லிமீட்டர்.
அவள் வீட்டுக்காரர் ஆழத்தைப் பாகத்தில் அளப்பவர்,
கயிற்றில் ஈயக்குண்டு கட்டி.
"எத்தனை பாகம்?" என்றார்.
கரையோரமும் இல்லை, நடுக்கடலும் இல்லை என்றேன்.
"அப்போ திரும்பிடலாம்" என்று
தனக்கே சொல்லிக்கொண்டார்.
தொடையிடுக்கில் ஒரு நிணநீர்க் கணுவை இன்னும்
நான் பார்க்கவேண்டியிருந்தது.
அதை அப்போது சொல்லவில்லை.

நான்காவது கட்டத்தில் குறியிட்டேன்.
பேனா அந்தச் சின்ன எழுத்தையே மறைத்துவிட்டது.
பதிவேட்டில் பன்னிரண்டாவது வரி.
ஓரத்தில், பென்சிலால்: கூடை.

திரும்பும்போது முள்ளோடையில்
பேருந்தை நிறுத்தினார்களாம்.
தணிகாசலத்தின் பையைத் தட்டிப்பார்த்து
"பாட்டில் இருக்கா?" என்று கேட்டாராம் காவலர்.
"போகும்போது இருந்திச்சு சார்" என்றானாம்.
முன்சீட்டில் அஞ்சலாட்சி,
கட்டுப் போட்ட காலை
தரையில் படாமல் தூக்கியபடி,
சிரித்தாளாம்.